முன்சீப் மீது இம்பீச்மென்ட் கொண்டுவர முடியுமா?

கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் நஞ்சை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். வயது 64, கூட்டுறவுச் சங்கமொன்றில் செயலாளராக இருந்து ஓய்வுபெற்றவர். பெயரும் ஊரும் வெளியாக வேண்டாம் என்று கேட்டிருப்பதால் இரண்டையும் தவிர்க்கிறேன். அவருடைய வயலுக்குத் தண்ணீர் வரும் கிளை வாய்க்காலைப் பக்கத்து வயல்காரர் வரப்போடு சேர்த்து உழுது மூடிவிட்டார். வாய்க்கால் பாத்தியத்தை நிலைநாட்டவும் நிரந்தர உறுத்துக்கட்டளை (தடையாணை) பெறவும் வாசகர் முன்சீப் கோர்ட்டில் தொடுத்த வழக்கு, ஆறு ஆண்டுகள் நடந்து, சென்ற மாதம் தள்ளுபடியாகியிருக்கிறது. 'வாய்க்கால் இருந்ததற்கான அடையாளம் எதுவும் காணப்படவில்லை' என்று, இடத்தைப் பார்வையிட நீதிமன்றம் அனுப்பிய வழக்கறிஞர் ஆணையர் கொடுத்த அறிக்கையைத்தான் நீதிபதி முதன்மையாக ஏற்றிருக்கிறார். ஆணையர் வந்து பார்த்தது சித்திரை மாதம், கால்வாய் அடைத்து வயலெல்லாம் தரிசாகக் கிடந்த நேரம் என்பது வாசகரின் ஆதங்கம். எதிராளி நீதிபதியைச் 'சரிக்கட்டிவிட்டார்' என்று அவர் உறுதியாக நம்புகிறார்.

இந்த நிலையில் ஊரில் விவரம் தெரிந்தவர் என்று பெயரெடுத்த அண்ணாச்சி ஒருவர், நூறு பேர் கையெழுத்திட்டு மகஜர் அனுப்பினால் நாடாளுமன்றம் அந்த நீதிபதியை இம்பீச்மென்ட் செய்தே, அதாவது தீர்மானம் போட்டுப் பதவியிலிருந்து நீக்கியே தீர வேண்டும் என்று சொல்லி, ஆளுக்கு 300 ரூபாய் வாங்கிக்கொண்டு கையெழுத்துச் சேர்த்து வருகிறாராம். எழுபதுக்கு மேல் சேர்ந்துவிட்டது. முதல் கையெழுத்துக்கான இடம் மட்டும் வாசகருக்காகக் காலியாக இருக்கிறது. கையெழுத்திடலாமா, இட்டால் பலிக்குமா, தன் மனுவைக் கண்டுகொள்ளாத கலெக்டரையும், எதிராளிக்குச் சான்று எழுதிக் கொடுத்த ஊராட்சித் தலைவரையும் இதே வழியில் நீக்க முடியுமா, 'ஆளுநரையே நீக்கலாம் என்கிறார்களே, அது மெய்யா' என்பவை அவருடைய கேள்விகள்.

ஐயா, தங்கள் கடிதத்தையும் அதோடு இணைத்திருந்த மகஜர் நகலையும் வரி விடாமல் படித்தேன். தாங்கள் கேட்காத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அவசரம் அதில்தான் இருக்கிறது. முன்சீப் கோர்ட் தீர்ப்பின் மீது மேல்முறையீடு செய்யச் சட்டம் தரும் காலம் 30 நாள். கடிதத்தில் கண்ட தேதிப்படி அதில் 19 நாள் ஏற்கெனவே கழிந்துவிட்டது. 'வக்கீலிடமிருந்து வழக்குக் கட்டைத் திரும்ப வாங்கி வந்துவிட்டேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். நகல் மனு போட்டதாக எங்கும் எழுதவில்லை. இதைப் படித்ததும் தாங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, தீர்ப்புரை, தீர்ப்பாணை இரண்டுக்கும் சான்றிட்ட நகல் கேட்டு மனு கொடுப்பது. நகல் தயாராகப் பிடிக்கும் நாள்கள் அந்த 30 நாளில் சேராது. ஆனால் கெடு முடிவதற்குள் மனு போட்டிருந்தால்தான் அந்தச் சலுகையால் பயன். கெடு தாண்டினால் தாமதத்தை மன்னிக்கக் கோரித் தனியாக ஒரு மனு போட வேண்டிவரும். அதில், 'டெல்லிக்கு மகஜர் அனுப்புவதில் மும்முரமாக இருந்தேன்' என்ற காரணத்தை எந்த நீதிமன்றமும் ஏற்காது.

நூறு கையெழுத்து யாருடையது?

அண்ணாச்சி சொல்லும் நூறு என்ற எண்ணிக்கை அவருடைய கற்பனையன்று, சட்டத்தில் இருப்பதுதான். ஆனால் அது மக்களவை உறுப்பினர்களின் கையெழுத்து. 1968ஆம் ஆண்டு நீதிபதிகள் விசாரணைச் சட்டத்தின்படி, உச்ச நீதிமன்ற நீதிபதி அல்லது உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரை நீக்கக் கோரும் தீர்மானத்துக்கு மக்களவையில் 100 உறுப்பினர்களோ மாநிலங்களவையில் 50 உறுப்பினர்களோ கையெழுத்திட வேண்டும். தமிழ்நாட்டின் 39 மக்களவை உறுப்பினர்களும் கட்சி பேதமில்லாமல் ஒன்றுசேர்ந்து கையெழுத்திட்டாலும் அந்த எண்ணிக்கையில் பாதி கூடத் தேறாது. தங்கள் ஊரார் நூறு பேரல்ல, நூறாயிரம் பேர் கையெழுத்திட்டாலும் அது ஒரு கோரிக்கை மனுவாகவே கருதப்படும்.

உறுப்பினர்கள் கையெழுத்திட்டுக் கொடுப்பதோடு காரியம் முடிவதுமில்லை. அவைத் தலைவர் அதை ஏற்கலாம், மறுக்கவும் செய்யலாம். 2018இல் அப்போதைய இந்தியத் தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா மீது கொடுக்கப்பட்ட நோட்டீசை மாநிலங்களவைத் தலைவராக இருந்த வெங்கையா நாயுடு தொடக்கத்திலேயே நிராகரித்தார். ஏற்றுக்கொண்டால், உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர், உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி ஒருவர், சட்ட வல்லுநர் ஒருவர் ஆகிய மூவர் குழு குற்றச்சாட்டுகளை வகுத்து, சம்பந்தப்பட்ட நீதிபதியின் தரப்பையும் கேட்டு விசாரிக்கும். வீட்டில் எரிந்த பணம் கிடந்ததாக எழுந்த புகாரில் நீதிபதி யஷ்வந்த் வர்மா மீது 2025 ஆகஸ்டில் மக்களவைத் தலைவர் அமைத்தது இத்தகைய குழுவைத்தான். குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று குழு சொல்லிவிட்டால் தீர்மானம் அத்துடன் முடிந்தது. மெய்ப்பிக்கப்பட்டால் மட்டுமே வாக்கெடுப்பு. அப்போதும் இரு அவைகளிலும், ஒரே கூட்டத்தொடரில், அவையின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோரும், வந்திருந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரும் ஆதரித்தால்தான் குடியரசுத் தலைவர் நீக்க ஆணை பிறப்பிக்க முடியும்.

இது எவ்வளவு அரிது என்பதற்கு நம் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஒருவரின் வழக்கே சான்று. உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த வி. ராமசாமி, அதற்கு முன் பஞ்சாப் – ஹரியாணா உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த காலத்தில், அரசு இல்லத்துக்கும் தளவாடங்களுக்கும் வரம்பு மீறிச் செலவிட்டதாகப் புகார் எழுந்தது. விசாரணைக் குழு பல குற்றச்சாட்டுகள் மெய்ப்பிக்கப்பட்டதாக அறிக்கை கொடுத்தது. 1993 மே மாதம் மக்களவையில் வாக்கெடுப்பு நடந்தபோது தீர்மானத்தை ஆதரித்து 196 பேர் வாக்களித்தனர். எதிர்த்து ஒருவர்கூட வாக்களிக்கவில்லை. ஆனாலும் தீர்மானம் தோற்றது. காங்கிரஸ் உறுப்பினர்கள் வாக்களிக்காமல் இருந்துவிட்டதால் தேவையான பெரும்பான்மை கிடைக்கவில்லை. அவர் பதவியில் நீடித்து, முறைப்படி ஓய்வும் பெற்றார். கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் சௌமித்ர சென் மீதான தீர்மானத்தை 2011 ஆகஸ்டில் மாநிலங்களவை நிறைவேற்றியது. மக்களவையில் எடுத்துக்கொள்ளும் முன்பே அவர் பதவி விலகிவிட்டார். இந்த நடைமுறை முழுதும் ஓடி முடிந்து நீக்கப்பட்ட நீதிபதி என்று 2025 வரை ஒருவரும் கிடையாது. அரசாங்கத்துக்கு எதிராகவும் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்களை ஆளுங்கட்சி நினைத்தவுடன் நீக்க முடியாதபடி வாசலைக் குறுக்கி வைத்தது சரியே. ஆனால் வாக்களிக்காமல் உட்கார்ந்திருந்தே ஒருவரைக் காப்பாற்றிவிடலாம் என்ற அளவுக்கு அது குறுகியிருப்பது எனக்கு உடன்பாடானதல்ல.

இவ்வளவையும் விரித்ததற்குக் காரணம் உண்டு. இந்தக் கதவு முன்சீப்புக்கு உரியதே அல்ல. மாவட்ட நீதிபதி, சார்பு நீதிபதி, முன்சீப், மாஜிஸ்திரேட் ஆகிய எவரையும் நாடாளுமன்றம் நீக்குவதில்லை. 'ஜட்ஜ் என்றால் எல்லாரும் ஜட்ஜ்தானே' என்று அண்ணாச்சி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். சம்பளப் பட்டியலில் வேண்டுமானால் அப்படிச் சொல்லலாம். அரசமைப்பு அப்படிச் சொல்லவில்லை.

பட்டியலில் இருப்பவர்களும் இல்லாதவர்களும்

இம்பீச்மென்ட் என்ற பெயரில் அரசமைப்பு வழிவகுத்திருப்பது குடியரசுத் தலைவர் ஒருவருக்குத்தான். 61ஆம் பிரிவின்படி, அரசமைப்பை மீறினார் என்ற ஒரே குற்றச்சாட்டின் பேரில், ஓர் அவையின் மொத்த உறுப்பினர்களில் நான்கில் ஒரு பங்கினர் கையெழுத்திட்டு, 14 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து, மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு தீர்மானம் நிறைவேற வேண்டும். பிறகு மற்ற அவை விசாரித்து, அதே அளவு ஆதரவோடு உறுதிசெய்ய வேண்டும். மக்களவையில் அந்த மூன்றில் இரண்டு பங்கு என்பது 362 பேர். இதுவரை எந்தக் குடியரசுத் தலைவர் மீதும் இப்படிக் குற்றஞ்சாட்டப்பட்டதில்லை.

குடியரசுத் துணைத் தலைவரை மாநிலங்களவை தன் அப்போதைய உறுப்பினர்களின் பெரும்பான்மையால் தீர்மானித்து, மக்களவை அதற்கு இசைந்தால் நீக்கலாம். உச்ச, உயர் நீதிமன்ற நீதிபதிகளுக்கான முறையைத் தலைமைத் தேர்தல் ஆணையருக்கும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளருக்கும் அரசமைப்பு பொருத்தியிருக்கிறது. உள்ளாட்சித் தேர்தலை நடத்தும் மாநிலத் தேர்தல் ஆணையரையும், உயர் நீதிமன்ற நீதிபதியை நீக்கும் முறையில்தான் நீக்க முடியும் என்பது பலருக்குத் தெரியாத செய்தி. டி.என்.பி.எஸ்.சி. தலைவரையும் உறுப்பினர்களையும் நியமிப்பவர் ஆளுநர். ஆனால் தவறான நடத்தைக்காக நீக்குவதென்றால் அந்த அதிகாரம், உச்ச நீதிமன்றம் விசாரித்துச் சொன்ன பிறகு, குடியரசுத் தலைவருக்குத்தான்.

ஆளுநரை இம்பீச்மென்ட் செய்ய முடியாது. 156ஆம் பிரிவின்படி அவர் குடியரசுத் தலைவர் விரும்பும் வரை பதவியில் இருப்பார். நடைமுறையில் அது மத்திய அமைச்சரவையின் விருப்பம். அந்த விருப்பத்தையும் காரணமில்லாமல் தன்னிச்சையாகப் பயன்படுத்தக் கூடாது என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மாநிலச் சட்டமன்றமே ஆளுநரை இம்பீச்மென்ட் செய்ய வழி வேண்டும் என்று அதே ஆண்டு, மத்திய – மாநில உறவுகளை ஆராய்ந்த பூஞ்சி ஆணையம் பரிந்துரைத்தது. பரிந்துரை பரிந்துரையாகவே இருக்கிறது. 2022 நவம்பரில் ஆளுநர் ஆர்.என். ரவியைத் திரும்பப் பெறக் கோரித் தி.மு.க. கூட்டணியின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் குடியரசுத் தலைவருக்கு மனுதான் கொடுக்க முடிந்தது, தீர்மானம் கொண்டுவர முடியவில்லை. தாங்கள் கேள்விப்பட்டது பெரும்பாலும் அந்த மனுவைப் பற்றியதாக இருக்கும்.

பிரதமரும் முதலமைச்சரும் அவையின் நம்பிக்கையை இழந்தால் போக வேண்டியவர்கள். அவர்களுக்கு இம்பீச்மென்ட் தேவையில்லை. சட்டமன்றப் பேரவைத் தலைவரை 14 நாள் முன்னறிவிப்போடு பேரவையே நீக்கலாம். 'வானளாவிய அதிகாரம்' என்ற சொல்லைப் பிரபலமாக்கிய பி.எச். பாண்டியன் நம் சேரன்மகாதேவித் தொகுதிக்காரர் என்பதால் இதைச் சொல்லத் தோன்றுகிறது: அந்த வானத்துக்கும் ஓர் எல்லை எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். 1972 டிசம்பரில் கே.ஏ. மதியழகன் அப்படித்தான் நீக்கப்பட்டார். ராதாபுரம் தொகுதியின் மு. அப்பாவு பேரவைத் தலைவராக இருந்தபோது, 2025 மார்ச்சில் அவர்மீது அ.தி.மு.க. கொண்டுவந்த தீர்மானம் 63க்கு 154 என்ற வாக்கில் தோற்றது.

கலெக்டர் அரசு ஊழியர். 311ஆம் பிரிவின்படி, குற்றச்சாட்டைத் தெரிவித்து விசாரணை நடத்தி, நியமித்த அதிகாரமே அவரைப் பதவி நீக்கம் செய்ய முடியும். ஆனால் தங்கள் விஷயத்தில் அவர்மீது குறை சொல்ல இடமில்லை என்பதே என் எண்ணம். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் தாங்கள் மனு கொடுத்தபோது வழக்கு நீதிமன்றத்தில் இருந்தது. நீதிமன்றத்தின் முன் இருக்கும் உரிமைத் தகராறில் கலெக்டர் தலையிட்டு உத்தரவு போட்டிருந்தால்தான் அது தவறாகியிருக்கும்.

ஊராட்சித் தலைவரின் கதை வேறு. அவர் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுவதால் வார்டு உறுப்பினர்கள் நம்பிக்கையில்லாத் தீர்மானம் போட்டு இறக்கிவிட முடியாது. 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 205ஆம் பிரிவு, ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் கலெக்டருக்கு அந்த அதிகாரத்தைத் தருகிறது. அவர் தாமாகவே தொடங்கலாம். ஊராட்சி உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாதவர்கள் குற்றச்சாட்டுகளை எழுதிக் கொடுத்தாலும் தொடங்கலாம். தலைவரிடம் விளக்கம் கேட்டு, அது திருப்தி தராவிட்டால் தாசில்தார் மூலம் ஊராட்சிக் கூட்டத்தைக் கூட்டிக் கருத்தறிந்து, பிறகு நீக்கலாம். மாநகராட்சி மேயரோ மாமன்ற உறுப்பினர்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர். அதனால் அங்கே நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கு இடமுண்டு. 2024 ஜனவரியில் நெல்லை மேயர் மீது அப்படியொரு கூட்டம் கூட்டப்பட்டு, உறுப்பினர்கள் எவரும் வராததால் தீர்மானம் விழுந்ததைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தங்கள் ஊராட்சித் தலைவர் எழுதிய சான்றைப் பொறுத்தவரை, ஒரே ஒரு கடிதத்துக்காக அவரை நீக்குவது நடக்கிற காரியமாக எனக்குத் தோன்றவில்லை. மேல்முறையீட்டில் அந்தச் சான்றின் மதிப்பைத் தகர்ப்பது அதைவிட எளிது.

முன்சீப்பின் மேல் அதிகாரம் யாருக்கு?

235ஆம் பிரிவின்படி கீழமை நீதிமன்றங்கள் மீதான கட்டுப்பாடு உயர் நீதிமன்றத்துக்கு உரியது. முன்சீப் மீது ஊழல் புகார் இருந்தால் உயர் நீதிமன்றத்தின் கண்காணிப்புப் பிரிவுக்கு எழுதலாம். விசாரணை, தற்காலிகப் பணிநீக்கம், கட்டாய ஓய்வு, பதவி நீக்கப் பரிந்துரை எல்லாம் அங்கிருந்துதான் வரும். அப்படி நீக்கப்பட்டவர்களும் உண்டு. அந்த வகையில் இந்த வழி நாடாளுமன்ற வழியைவிட வலுவானது. ஆனால் உறுதிமொழிப் பத்திரமும் சரிபார்க்கத்தக்க ஆதாரமும் இல்லாத புகாரைப் பொதுவாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

தங்களிடம் அத்தகைய ஆதாரம் இருக்கிறதா? கடிதத்தில் நான் கண்டது இரண்டுதான்: எதிராளியின் மருமகன் கோர்ட் வளாகத்தில் ஊழியர் ஒருவரோடு டீ குடித்தது, தீர்ப்புக்கு முதல் நாளே எதிராளி, 'நமக்குத்தான் ஜெயம்' என்று சொல்லித் திரிந்தது. இவை சந்தேகத்துக்குக் கூடப் போதாதவை. வழக்காடும் இரு தரப்பாரும் முதல் நாள் அப்படித்தான் சொல்லித் திரிவார்கள். தாங்களும் யாரிடமாவது சொல்லியிருப்பீர்கள். தீர்ப்பு தவறாக இருப்பதும் நீதிபதி தவறாக நடப்பதும் வெவ்வேறு. ஆணையர் அறிக்கைக்கு அளவுக்கு மீறி மதிப்புக் கொடுத்தது பிழையென்றால் அது மேல்முறையீட்டில் திருத்தப்பட வேண்டிய பிழை. அதற்காக ஒருவரின் பதவியைப் பறிக்க எந்தச் சட்டத்திலும் இடமில்லை.

மகஜரில் கையெழுத்திடலாமா?

கூடாது என்பதே என் ஆலோசனை; பலிக்காது என்பதற்காக மட்டும் அல்ல. 'லஞ்சம் பெற்றுக்கொண்டு தீர்ப்பை விற்றார்' என்று நீதிபதியின் பெயரைக் குறிப்பிட்டு அதில் எழுதியிருக்கிறது. அதை நோட்டீசாக அச்சடித்துப் பேருந்து நிறுத்தத்தில் ஒட்டவும் வாட்ஸ்அப்பில் அனுப்பவும் திட்டம் என்று தாங்களே எழுதியிருக்கிறீர்கள். 1971ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின்படி இது ஆறு மாதம் வரை வெறுங்காவலோ 2,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கக்கூடிய குற்றமாகலாம். முதல் கையெழுத்தும் வழக்கில் தோற்றவர் என்ற அடையாளமும் தங்களுடையவை. விளக்கம் கேட்டு வரும் நோட்டீசும் முதலில் தங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

அதே சட்டத்தின் 6ஆம் பிரிவு, கீழமை நீதிபதி ஒருவரைப் பற்றி நல்லெண்ணத்தோடு உயர் நீதிமன்றத்திடம் தெரிவிப்பது அவமதிப்பு ஆகாது என்று பாதுகாப்புத் தருகிறது. ஆகவே பின்னாளில் உண்மையான ஆதாரம் கிடைத்தால் அங்கே எழுதத் தயங்க வேண்டாம். ஏற்கெனவே கையெழுத்திட்டவர்களிடம் விவரத்தைச் சொல்லி, அந்தத் தாள் வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 300 ரூபாயைத் திருப்பிக் கேட்பது அவரவர் பாடு.

மேல்முறையீட்டில் எதைச் சொல்வது?

மேல்முறையீடு சார்பு நீதிமன்றத்தில் தாக்கலாகும். அங்கே சட்டப் பிரச்சினை மட்டுமல்லாமல் சாட்சியம் முழுவதையும் மறுபடி எடைபோடுவார்கள் என்பதால், தங்களுக்கு இருக்கும் நல்ல வாய்ப்பு இதுதான். அங்கும் தோற்றால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் 90 நாளுக்குள் இரண்டாம் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் அங்கே முக்கியமான சட்டப் பிரச்சினை இருந்தால்தான் ஏற்பார்கள், வாய்க்கால் இருந்ததா இல்லையா என்று அளந்து பார்க்க மாட்டார்கள்.

ஆணையர் அறிக்கைக்குத் தங்கள் தரப்பில் ஆட்சேபம் தாக்கல் செய்யப்பட்டதா என்பதை வழக்குக் கட்டில் பாருங்கள். செய்திருந்து, தீர்ப்பில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லையென்றால் அதுவே வலுவான காரணம். செய்யாமல் விட்டிருந்தாலும், ஆணையரைக் குறுக்கு விசாரணை செய்திருந்தால் அவர் எந்த மாதம் வந்தார், அப்போது கால்வாயில் தண்ணீர் இருந்ததா என்ற பதில்கள் பதிவாகியிருக்கும்.

எல்லாவற்றையும்விட என் கண்ணில் பட்டது, தாங்கள் கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு செய்தி. தங்கள் பாட்டனார் காலத்து 1957ஆம் ஆண்டு பாகப்பிரிவினைப் பத்திரத்தில், நான்கெல்லை விவரத்துக்குக் கீழே, 'மேற்படி நஞ்சைக்குத் தண்ணீர் பாயும் வாய்க்கால் பாத்தியம் உள்பட' என்று இருக்கிறதாம். பத்திரம் அண்ணன் வீட்டுப் பெட்டியில் இருந்ததால் கோர்ட்டில் கொடுக்கவில்லையாம். ஆறு ஆண்டு வழக்கில் இதைக் கொடுக்காமல் விட்டது பெரிய குறை. எனினும் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 41ஆம் கட்டளை, 27ஆம் விதியின்படி, உரிய அக்கறை எடுத்தும் முன்பு கொடுக்க முடியாமல் போன ஆவணத்தை மேல்முறையீட்டில் கூடுதல் சான்றாகச் சேர்க்க அனுமதி கேட்கலாம். ஏன் முன்பே கொடுக்கவில்லை என்பதற்கு உண்மையான, நம்பத்தக்க காரணம் சொல்ல வேண்டும். அண்ணனோடு பேச்சுவார்த்தை இல்லாதிருந்தது காரணமென்றால் கூச்சப்படாமல் அதையே எழுதி, அண்ணனின் உறுதிமொழிப் பத்திரத்தையும் இணையுங்கள். பத்திரம் பதிவானதாக இருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகலும் வாங்கிவிடலாம்.

மேல்முறையீடு தாக்கல் செய்வதாலேயே எதிராளியின் கை கட்டப்பட்டுவிடாது. மூடிய இடத்தில் அவர் கட்டடம் எழுப்பவோ நிலத்தை விற்கவோ முனைந்தால் தடுக்கும்படி, இடைக்கால உறுத்துக்கட்டளை மனுவையும் சேர்த்தே தாக்கல் செய்யுங்கள். மறு ஆணையர் கோருவதாக இருந்தால், கார் சாகுபடிக்கோ பிசான சாகுபடிக்கோ கால்வாயில் தண்ணீர் திறந்திருக்கும் நாள்களில், சர்வேயரின் துணையோடு எஃப்.எம்.பி. என்னும் நில அளவை வரைபடத்தை வைத்து அளக்க வேண்டும் என்று மனுவிலேயே கேளுங்கள். பழைய வக்கீலிடம் நம்பிக்கை போய்விட்டதென்றால் அவருடைய ஒப்புதலைப் பெற்று வேறொருவரை அமர்த்திக்கொள்ளலாம். ஆனால் நகல் மனுவை அதற்காகக் காத்திராமல், தங்கள் பெயரிலேயே நாளைக்கே போட்டுவிடுங்கள்.